ஈரல் ரிப்போர்ட்டைப் போனிடம் கேட்கலாமா?

இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படமெடுத்து ஏஐயிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றது. நம்பலாமா?

ரிப்போர்ட்டில் உள்ள சொற்களுக்கு விளக்கம் கேளுங்கள், முடிவு கேட்காதீர்கள். உங்கள் கண் மஞ்சளா, வயிறு வீங்கியிருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. ஈரல் சுருங்கிப்போன நிலையிலும் எஸ்.ஜீ.ஓ.ரீ., எஸ்.ஜீ.பீ.ரீ. என்ற நொதிகளின் அளவுகள் சாதாரணமாக இருக்கலாம்.

நான் கள்ளைத் தொட்டதே இல்லை. எனக்கு ஏன் கொழுப்பு ஈரல்?

நீரிழிவும் வயிற்றுப் பருமனும் போதும். ராகமையில் 35 முதல் 64 வயதுள்ளவர்களை 2007இல் ஸ்கான் செய்தபோது, 32.6 சதவீதத்தினருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது.

அப்படியென்றால் எங்கள் தீவில், தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் கொழுப்பு ஈரல் உள்ள எல்லோரும் விசேட வைத்தியரைப் பார்க்க யாழ்ப்பாணம் போக வேண்டுமா?

வேண்டாம். யார் போக வேண்டும் என்று பிரித்தறிவதுதான் முக்கியம். அதற்குப் பிப்-4 என்ற எளிய கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜீ.ஓ.ரீ.யால் பெருக்குங்கள். எஸ்.ஜீ.பீ.ரீ.யின் வர்க்கமூலத்தைக் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) பெருக்கி, அதனால் முதல் தொகையை வகுங்கள். வயது 58, எஸ்.ஜீ.ஓ.ரீ. 64, எஸ்.ஜீ.பீ.ரீ. 49, சிறுதட்டு 1,60,000 என்றால் விடை 3.31. 1.3க்குக் குறைந்தால் ஈரலில் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. விடை 2.67ஐத் தாண்டினால் விசேட வைத்தியரைப் பார்த்தே ஆக வேண்டும். இடைப்பட்டவர்களுக்கு ஈரலின் இறுக்கத்தை அளக்கும் பைப்ரோஸ்கான் உதவும். பிப்-4 கணக்குக்கு ஏஐயே தேவையில்லை, கல்குலேற்றர் போதும். நீரிழிவு கிளினிக்குக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைக் கணித்துக் கொப்பியில் எழுதிக் கொடுத்தால், தீவிலிருந்து வீணாக அலைபவர்கள் குறைவார்கள். பிந்திப் போய்ச் சேருபவர்களும் குறைவார்கள். விலையுயர்ந்த மென்பொருளுக்கு முன் நமக்கு வேண்டியது இதுதான்.

குடலுக்குள் கமரா விடும்போது ஏஐ உதவுகிறதாமே?

உதவுகிறது. கண்ணுக்குத் தப்பும் சிறு கட்டிகளைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும். ஆனால் போலந்தில் நான்கு நிலையங்களில் நடந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஏஐ பழக்கத்துக்கு வந்த பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் புற்றாக மாறக்கூடிய கட்டிகள் கண்டறியப்பட்ட வீதம் 28.4இலிருந்து 22.4 சதவீதமாக விழுந்திருந்தது. வைத்தியரின் கண்ணும் கையும் பயிற்சியில் இருக்க வேண்டும்.

எப்போது ஏஐயிடம் கேட்கவே கூடாது?

இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், மஞ்சள் காமாலையோடு தடுமாற்றம் அல்லது மயக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அதற்குக் கட்டணமில்லை.