கண்டியில் வீடு தேடும் இளம் வைத்தியர்

கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, அதை அடுத்துள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் ஆகிய நான்கும் சில கிலோமீற்றருக்குள் அமைந்திருப்பதால், இளம் வைத்தியர்கள் ஆண்டுதோறும் கண்டிக்கு வந்தபடியே இருக்கிறார்கள். உள்ளகப் பயிற்சிக் காலத்தை வைத்தியசாலை விடுதியில் கழித்துவிடலாம். நிரந்தர நியமனம் கிடைத்து, பட்ட மேற்படிப்புக்குத் தெரிவாகி, ரெஜிஸ்ட்ராராகச் சேரும்போதுதான் சொந்த வீடு என்ற பேச்சு எழுகிறது. பெரும்பாலும் திருமணமும் முதல் குழந்தையும் வரும் வயது அது.

ஆனால் அந்தப் பயிற்சி ஒருவரை ஓர் ஊரில் நிறுத்தி வைப்பதில்லை. எம்.டி. பரீட்சை, சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி என்று ஆண்டுகள் நகரும். அதன் பின்னர் கிடைக்கும் முதல் விசேட வைத்திய நியமனம் மொனராகலையாகவோ மன்னாராகவோ இருக்கக்கூடும். ஆகவே துணைவரின் வேலையோ பெற்றோரின் இருப்பிடமோ கண்டியில் உறுதியாக இல்லாதவர், பயிற்சி முடியும்வரை முல்கம்பொலையிலோ கன்னொருவையிலோ ஓர் அனெக்ஸை வாடகைக்கு எடுத்திருப்பதே நல்லது.

வாங்குவதென்று முடிவு செய்தவர் முதலில் தம் சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அரச வைத்தியரின் கைக்கு வரும் பணத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவுக்குப் பெரும் பங்குண்டு. பிரசவ விடுப்பிலும் வெளிநாட்டுப் பயிற்சியிலும் அதை நம்ப முடியாது. கடன் தவணையோ மாதந்தோறும் வரும். நிரந்தர அரச சேவையாளருக்கு வட்டிச் சலுகையுடன் ஆதனக் கடன் உண்டு. அதன் வரம்பு கண்டி நகரக் காணி விலைக்கு எட்டாது என்பதால் மீதிக்கு வங்கியின் வீடமைப்புக் கடனை நாட வேண்டியிருக்கும். அங்கே வட்டி நிலையானதா, மாறுவதா என்பது முக்கியம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் பெற்றிருந்த குடும்பங்கள் பெரிதும் தவித்தன.

அடுத்தது உறுதி. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு உரித்தைத் தேடுவது வழக்கம். கண்டியில் அதற்கு மேலும் ஒரு கவனம் தேவை. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர் எழுதிய நன்கொடை உறுதியை, அவர் தம் வாழ்நாளில், பெற்றவரின் சம்மதமின்றியே ரத்துச் செய்யலாம். 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த உரிமையைத் தெளிவாகச் சொல்கிறது. ரத்துச் செய்யும் உரிமையைத் துறப்பதாக உறுதியிலேயே எழுதியிருந்தால் நிலைமை வேறு. தந்தை மகனுக்கு நன்கொடையாகக் கொடுத்த காணியை மகன் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துறப்பு வாசகம் இல்லை, தந்தை உயிரோடு இருக்கிறார் என்றால், வாங்கியவரின் உரித்தும் ஆட்டங்காணலாம். நொத்தாரிசு அந்த உறுதியை வரி வரியாக வாசிக்க வேண்டியது இதனால்தான். பிரிபடாத பங்கை விற்பனைக்குக் காட்டினால் விலகிவிடுவதே மேல். பாகப்பிரிவினை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுபவை.

எல்லாவற்றையும்விடப் பெரியது மண். 2020 செப்டம்பரில் பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று அதிகாலையில் சரிந்து, கைக்குழந்தை உட்பட மூவர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்தன. கம்பளை நீரில் மூழ்கியது. இங்கே 10 பேர்ச்சஸ் காணி என்றால் பல இடங்களில் அது சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு மேடைதான். அதன் பின்புறத்துத் தடுப்புச் சுவரை அருகே போய்ப் பார்க்க வேண்டும். நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, சுவர் முன்னோக்கி வயிறு தள்ளியிருக்கிறதா, தரையில் புது வெடிப்பு உண்டா, மேலே உள்ள வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது என்பவற்றை மழை நாளில் போனால் கண்ணாலேயே காணலாம். ஹந்தானைச் சரிவில் காணி பார்ப்பவர், 2010இல் அறிவிக்கப்பட்ட சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசத்தின் எல்லைக்குள் அது வருகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

விலைக்கு மேல் முத்திரைத் தீர்வையும் உண்டு. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்ற கணக்கில் 2 கோடி ரூபா வீட்டுக்கு 7,99,000 ரூபா ஆகும். வங்கிக் கடன் இதற்கு உதவாது. கையிருப்பிலிருந்தே கட்ட நேரும்.

மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. அதன் அறிக்கையும் சட்டத்தரணியின் உரித்து அறிக்கையும் சாதகமாக வராவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்காமல், எந்தக் காணிக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.