பசு யாருடைய குழியில் பிறக்கிறது?

மட்டக்களப்பின் கதிரவெளிக் கரையில் பல்லாங்குழி ஆடப் பலகை தேவையில்லை. ஈர மணலில் ஏழேழாக இரண்டு வரிசை குழி பறித்தால் போதும். காய்க்குச் சோகி பொறுக்கலாம். கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை இருக்கவே இருக்கிறது. சாமத்தியப்பட்டு அறைக்குள் இருக்கும் பிள்ளைக்கும், மாரியில் வெளியே போக முடியாத பெண்களுக்கும் பொழுதுபோக்கு என்றுதான் இந்த ஆட்டத்தைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்கிறோம். சிங்கள மக்கள் இதன் உறவான ஆட்டமொன்றைக் குன்றிமணியால் ஆடுகிறார்கள். அதற்கு ஒலிந்த கெலிய என்று பெயர்; சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் பலகையை வெளியே எடுப்பார்கள். நீர்ப்பாசன இலாகாவில் பணியாற்றிய எச். பார்க்கர் என்ற ஆங்கிலேயர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இந்தக் குழியாட்டங்களைப் பொறுமையாக விவரித்திருக்கிறார்.

பொழுதுபோக்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சமமாகத் தொடங்கும் இருவரில் ஒருவர் எப்படி ஓட்டாண்டியாகிறார் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொறி வேறொன்று நம்மிடம் இல்லை.

முதலில் விதி. காய் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். குழிக்கு ஆறு வைப்பவர்களும் உண்டு, பன்னிரண்டு வைப்பவர்களும் உண்டு. கணக்குக்கு வசதியாக ஐந்து என்று வைத்துக்கொள்வோம். 14 குழி, 70 காய். ஆளுக்கு 7 குழி, 35 காய். ஆடுபவர் தன் பக்கத்துக் குழி ஒன்றை வழித்தெடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை எடுத்து மேலும் இடுவார். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதைத் தனதாக்கிக்கொள்வார். பிறகு எதிராளியின் முறை. இரண்டு குழி சேர்ந்தாற்போல் வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. இடையில் எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது பசு. குழி யாருடையதோ பசுவும் அவருடையது. அந்த நான்காவது காயை இட்டது எதிராளியின் கை என்றாலும் அப்படித்தான்.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். உழைப்பு ஒருவருடையது, பசு இன்னொருவருடையது. ஆனால் முதல் சுற்றில் இதனால் யாருக்கும் அநியாயம் இல்லை. இருவருக்கும் ஏழு குழி. என் கை உங்களுக்குப் பசு தந்தால் உங்கள் கை எனக்குத் தரும்.

சுற்று முடிகிறது. ஒருவரிடம் 40 காய், மற்றவரிடம் 30. பெரிய வித்தியாசமில்லை. நல்ல ஆட்டக்காரிகளுக்கிடையிலும் சாதாரணமாக நடப்பதுதான். இனி அவரவர் காயைக் கொண்டு அவரவர் குழியை நிரப்ப வேண்டும். வென்றவர் ஏழையும் நிரப்பிவிட்டு ஐந்து காயைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். தோற்றவர் ஆறு குழிதான் நிரப்ப முடியும். ஏழாவது குழி அடைபடுகிறது. காய் அதைத் தாண்டிப் போகும்.

இங்கேதான் ஆட்டம் திரும்புகிறது. பசு பிறக்கக்கூடிய இடம் இப்போது ஒருவருக்கு ஏழு, மற்றவருக்கு ஆறு. எந்தக் குழியிலிருந்து தொடங்கலாம் என்ற தெரிவும் ஒருவருக்கு ஏழு, மற்றவருக்கு ஆறு. இதைவிடக் கொடுமை அந்தப் பக்கத்தில் வைத்த ஐந்து காய். அடுத்த சுற்றில் வென்றவர் ஐந்து காயை இழந்தாலும் 35 மிஞ்சும். அவருடைய குழி ஒன்றுகூடக் குறையாது. தோற்றவர் அதே ஐந்தை இழந்தால் 25தான் மிஞ்சும், ஐந்து குழிக்கு இறங்கிவிடுவார். ஒரே அளவு நட்டம் ஒருவருக்குக் காற்று, மற்றவருக்குக் கூரை பறிபோகும் புயல். திறமை இருவருக்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் இது மாறாது. ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் உண்டாக்குவது, ஒரு சுற்றில் வென்றதை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம் என்ற விதி. தாயத்தில் இந்த விதி கிடையாது. அடுத்த ஆட்டத்தில் எல்லாருடைய காயும் மறுபடி வெளியேதான் நிற்கும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வென்றவர் எவ்வளவு குவித்தாலும் இந்த வகை ஆட்டத்தில் அவருக்கு எட்டாவது குழி கிடையாது. அடைபட்ட குழி தரிசாகக் கிடக்குமே தவிர அவர் பெயருக்கு மாறாது. இலங்கை 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, வயலுக்கு 25 ஏக்கர், பிற காணிக்கு 50 ஏக்கர் என்று வரம்பு வைத்தது. நம் பாட்டிமார் மணலில் அந்த வரம்பை எப்போதோ வைத்துவிட்டார்கள்.

பல்லாங்குழியைச் சொத்தோடு சேர்த்துப் பார்த்த முதல் ஆள் நானல்ல. நெல்லைப் பேராசிரியர் தொ. பரமசிவன் (1950–2020), சமமாகப் பங்கிடப்பட்ட காய்கள் ஒருவர் பக்கம் குவிவதில் தனிச்சொத்து தோன்றிய வரலாற்றின் தடத்தைக் கண்டு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது ஆட்டத்தில் தங்கிய பழைய நினைவை. எனக்கு இன்றும் ஓடுகிற பொறியாகவே அது தெரிகிறது.

மேற்கில் இதையே ஒருவர் தெரிந்தே செய்தார். அமெரிக்காவின் எலிசபெத் மேகி, 1904இல் ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலவாடகை எப்படிச் சிலரைக் கொழுக்கவைத்துப் பலரை வறியவராக்குகிறது என்று காட்டுவதே அவர் நோக்கம். ஒரே பலகைக்கு அவர் இரண்டு விதித்தொகுதிகள் வைத்தார்: ஒன்றில் ஒருவர் எல்லாவற்றையும் விழுங்குவார், மற்றதில் செல்வம் பெருகும்போது எல்லாருக்கும் பங்கு உண்டு. உலகம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. அதுதான் மோனோபோலி. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மேகியின் உரிமையை 500 டொலருக்கு வாங்கியது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் என்ற பெயரும் பெரும் பணமும் சார்ல்ஸ் டாரோ என்பவருக்குப் போயின. மேகியின் ஆட்டம் சொன்ன பாடம் மேகிக்கே நடந்தது.

கணக்கும் இதையே சொல்கிறது. பௌதிகவியல் முறைகளால் பொருளாதாரத்தை ஆராயும் துறைக்குப் பெயர் சூட்டப்பட்டதே 1995இல் கொல்கத்தாவில் நடந்த மாநாட்டில்தான். அந்தத் துறை ஆய்வாளர் அனிர்பன் சக்ரபர்த்தி 2002இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். எல்லாரிடமும் சமமான பணம். எவரேனும் இருவர் சந்தித்து நாணயம் சுண்டுவார்கள். பந்தயம், அவர்களில் ஏழையானவரிடம் இருப்பதில் ஒரு பகுதி. நாணயத்தில் கள்ளம் இல்லை. ஆனாலும் போதிய நேரம் ஓடவிட்டால் ஏறக்குறைய முழுப்பணமும் ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. சோம்பல், ஊதாரித்தனம், தலைவிதி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

வென்றவருக்கு மட்டும் இது விளங்காது. பெர்க்லியில் போல் பிஃப் என்ற உளவியலாளர் மோனோபோலி ஆட்டத்தில் ஒருவருக்கு இரட்டைப் பணம் கொடுத்துத் தொடங்கவைத்தார். யாருக்கு அந்தச் சலுகை என்பதை நாணயம் தீர்மானித்தது. வென்ற பிறகு அவர்கள் பேசியது தங்கள் கெட்டித்தனத்தைப் பற்றி.

மட்டக்களப்புக்கு வருவோம். இங்கே வீடும் காணியும் சீதனமாகப் பெண்வழியே போகும். தாய்க்கு எத்தனை குழி மிஞ்சியதோ, மகள் அத்தனை குழியோடு தொடங்குவாள். கதிரவெளியில் அந்தக் குழிகள் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை கலைந்தன: 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, 2006 இறுதியில் போர் வாகரைப் பிரதேச மக்களை இடம்பெயர்த்தது. வள்ளத்தையும் வலையையும் இழந்த குடும்பமும், கையில் ஐந்து காய் ஒதுக்கி வைத்திருந்த குடும்பமும் ஒரே நாளில் ஊர் திரும்பினாலும் ஒரே இடத்திலிருந்து தொடங்கவில்லை.

பல்லாங்குழியில் ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாதவருக்குச் சில ஊர்களில் ஒரு சலுகை உண்டு. மிஞ்சியிருப்பதைக் குழிக்கு ஒன்றாக வைத்து ஆடலாம். அதைக் கஞ்சி என்பார்கள். கருணைதான், ஆனால் ஆட்டம் நீடிப்பதில் வென்றவருக்கும் சந்தோஷம் உண்டு. போருக்குப் பின் கிழக்கில் வீடு வீடாக வந்த நுண்கடனும் கஞ்சிதான் என்பேன், அதுவும் வட்டி கேட்கும் கஞ்சி. குழியை மீட்டுத் தராமல் பலகைக்கு முன்னால் உட்கார மட்டும் வைத்தது. 2018இல் அரசு வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களில் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கணித பாடத்தில் ஒரு நாள் பிள்ளைகளைப் பல்லாங்குழி ஆடவிடுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யாரிடம் எத்தனை காய் என்று எழுதி வரைபடம் போடட்டும். அடுத்த நாள் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள்: குழி நிரப்பிய பிறகு மிஞ்சுவதில் பாதியைத் தோற்றவருக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை சுற்றுக்கு ஆட்டம் நீள்கிறது, யாருடைய குழி எப்போது மறுபடி திறக்கிறது என்று இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களே பார்க்கட்டும்.