கால்சியம் வேடத்தில் காரீயம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்பு எளாவூர் சோதனைச் சாவடி வரும். அங்கே வரிசையாக நிற்கும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெரிய லாரியிலும் ஒரு பெட்டிக்குள் இரண்டு பாட்டரிகள் இருக்கும். 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். காரீயத் தகடு, காரீய டை ஆக்சைடு, நீர்த்த கந்தக அமிலம் ஆகியவை உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளவைதாம். பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயமே.

பாட்டரி பழசானால் அந்தக் காரீயத்தை உருக்கி மறுபடியும் பாட்டரி செய்கிறார்கள். வடிகட்டிகள் பொருத்திய ஆலையில் முறையாக உருக்கினால் தூசியின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். திறந்த கொட்டகையில் உடைத்து உருக்கினால் அது சுற்றியுள்ள மண்ணில் படியும். அந்த மண்ணில் விளையாடிய விரலைக் குழந்தை வாயில் வைத்தால், அதன் மூளையில் என்ன நடக்கும்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் அதுவே. நாம் பேசப்போவது காரீயத்தைப் பற்றி. இரண்டும் வேறு வேறு தனிமங்கள். பென்சிலில் இருப்பதோ ஈயமே அன்று. அது கார்பனின் ஒரு வடிவமாகிய கிராபைட்.

நம் நாட்டில் பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றை நெடுங்காலம் கலந்து வந்தார்கள். எஞ்சினில் இடிப்பு ஏற்படாமல் தடுக்கவே அந்த ஏற்பாடு. (லாரிகள் குடிக்கும் டீசலுக்கு இது தேவைப்படவில்லை.) 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் இதை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின், ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தன. 2009-இல் வெளிவந்த முடிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் காரீயம் இருந்தது. குழந்தைகளின் நடத்தையைப் பற்றி ஆசிரியர்களிடமும் கேட்டிருந்தார்கள். காரீயம் மிகுந்த குழந்தைகளிடம் பதற்றம், பிறருடன் பழகுவதில் சிக்கல், கவனம் சிதறுதல் ஆகியவை கூடுதலாக இருப்பதாக அந்த விடைகள் காட்டின. 5 மைக்ரோகிராம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிய விதி. தீங்கற்ற அளவு என்று எதுவும் இதுவரை அறியப்படவில்லை என்றும் அது சொல்கிறது.

11 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? நான்கு வயதுக் குழந்தையின் உடலில் ஏறத்தாழ 1.2 லிட்டர் இரத்தம் இருக்கும். கணக்கிட்டால் மொத்தம் 132 மைக்ரோகிராம் வருகிறது. ஒரு சர்க்கரைத் துகளின் எடை இதைவிடச் சில மடங்கு அதிகம். இவ்வளவு குறைந்த பொருள் என்ன செய்துவிடும் என்று நினைக்கிறீர்களா? காரீயத்தின் அணு எடை 207. அவகாட்ரோ எண்ணைப் பயன்படுத்தி அணுக்களை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய நான்காயிரம் கோடி கோடி வரும்.

இந்த அணுக்கள் ஒரு வேடம் போடுகின்றன. கால்சியம் உடலில் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த அயனியாகத் திரிகிறது; காரீயமும் அப்படியே. கால்சியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 1.0 ஆங்ஸ்ட்ராம், காரீய அயனிக்கு 1.2. அணு எண்ணைப் பார்த்தால் ஒன்று 20, மற்றொன்று 82. ஆனால் மூளையின் வாயிற்காவலர்கள் அணு எண்ணைக் கேட்பதில்லை. மின்னூட்டத்தையும் பருமனையும் பார்த்தே உள்ளே விடுகிறார்கள்.

ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், அதன் நுனியில் கால்சியம் உள்ளே புக வேண்டும். காரீயம் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே புகுந்த பின்னரோ, வேண்டாத நேரத்தில் செய்தி கசியச் செய்கிறது. கற்றலுக்கும் நினைவுக்கும் உரிய இணைப்புகளில் தனிவகை வாயில் ஒன்று உண்டு, அதையும் தடுக்கிறது. குழந்தையின் மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கி, பின்பு பயன்படாதவற்றைக் கழித்துவிடும். கத்தரிக்காய் நாற்றில் நல்லதை விட்டு மற்றதைப் பிடுங்குவது போலத்தான். செய்தி சரியாக வராத இணைப்பு நல்லதாக இருந்தாலும் பிடுங்கப்பட்டுவிடும் அல்லவா? பெரியவரைவிடக் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, விழுங்கிய காரீயத்தில் பெரியவர் குடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும்போது, குழந்தையின் குடல் பாதி வரை உறிஞ்சிவிடுகிறது.

ஆனால் இரத்தத்தில் ஏறிய காரீயம் சில மாதங்களில் குறைந்துவிடும். பாதிப்பு மட்டும் ஏன் நிலைத்துவிடுகிறது? இங்கேதான் மரபணுக்கள் வருகின்றன. உங்கள் ஈரல் அணுவிலும் மூளை அணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஒரே பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எந்தப் பகுதி தேர்வுக்கு உண்டு, எது இல்லை என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறீர்களே, அதைப் போன்ற ஏற்பாடு இது. அச்சிட்ட எழுத்து மாறாது, குறிதான் மாறும். டி.என்.ஏ.வில் அந்தப் பென்சில் குறி, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெதைல் தொகுதி. அது ஒட்டிய மரபணு பெரும்பாலும் வாய் மூடியிருக்கும். குறிகளை ஒட்டும் வேலையைச் சில நொதிகள் செய்கின்றன. இந்தத் துறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்று பெயர்.

அமெரிக்காவில் நாசர் சாவியா குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. சில குரங்குகளுக்குப் பிறந்தது முதல் 400 நாள் வரை மட்டும் சிறிது காரீயம் கொடுத்திருந்தார்கள். 23 வயதில் அவற்றின் மூளையை ஆராய்ந்தபோது, அல்சைமர் நோயில் சேரும் படிவுப் புரதத்துக்கு மூலமான மரபணு கூடுதலாக வேலை செய்துகொண்டிருந்தது. மெதைல் குறி ஒட்டும் நொதியின் செயல் குறைந்திருந்தது. மனிதர்களுக்கும் இவ்வாறே நிகழும் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் குழந்தைப் பருவத்தில் கிறுக்கிய குறி முதுமை வரை இருக்கக்கூடும் என்பது தெரிகிறது.

மெக்சிகோ நகரில் நடந்த ஆய்வு என் பாடத்தைத் தொட்டுச் செல்வதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உடலுக்குள் புகுந்த காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய், கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். எலும்பை வெட்டாமல் அதை எப்படி அளப்பது? காட்மியம்-109 என்னும் கதிரியக்கப் பொருள் வெளிவிடும் காமாக் கதிரின் ஆற்றல் 88.03 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். காரீய அணுவின் உட்புறக் கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெயர்க்க 88.00 போதும். இயற்கையே அளவெடுத்துத் தைத்தது போன்ற பொருத்தம்! கதிரைக் காலெலும்பில் விழச்செய்தால் எலெக்ட்ரான் வெளியேறும். அந்தக் காலியிடத்தை வெளிக்கூட்டு எலெக்ட்ரான் நிரப்பும்போது, காரீயத்துக்கே உரிய எக்ஸ் கதிர் பிறக்கும். அதை எண்ணினால் போதும். தாய்மாரின் எலும்பை இவ்வாறு அளந்து, பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். தாயின் எலும்பில் காரீயம் மிகுந்திருந்தால், குழந்தையின் டி.என்.ஏ.வில் மெதைல் குறிகள் குறைந்திருந்தன. கருவுக்கு எலும்பு கட்டத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, வேடம் போட்டவனும் கூடவே போகிறான்!

மருந்து இல்லையா? காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து உண்டு. கடும் நஞ்சேற்றத்தில் உயிர் காக்கும். ஆனால் 2001-இல் அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில், அந்த மருந்தால் இரத்தத்தில் காரீயம் குறைந்தும் அறிவுத்திறன் உயரவில்லை. எலிகளில் நடந்த வேறொரு சோதனை சற்றே நம்பிக்கை தருகிறது. பால்குடிப் பருவம் வரை காரீயம் பெற்ற எலிக்குஞ்சுகளை, விளையாட்டுப் பொருள்களும் தோழர்களும் நிறைந்த பெரிய கூண்டில் வளர்த்தார்கள். அவை கற்பதில் தேறின. மேலே சொன்ன நினைவு வாயிலின் ஒரு பகுதியை ஆக்கும் மரபணுவும் சுறுசுறுப்படைந்தது. 2003-இல் வெளிவந்த முடிவு இது.

உங்கள் வீட்டில் யாரேனும் பாட்டரிக் கடையிலோ உலோக ஆலையிலோ வேலை செய்தால், வேலை உடையைத் தம்பி தங்கையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. கேழ்வரகும் கீரையும் மோரும் சோற்றோடு இருக்கட்டும். இரும்பும் கால்சியமும் போதிய அளவு உள்ள குடலில் காரீயத்துக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. பழைய பாட்டரியை வீட்டுப் பக்கம் உடைக்கவோ, அமிலத்தைக் கொட்டவோ விடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, அதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. புதிய பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருவார்கள்.