முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் மனநோயை மறைக்காதீர்கள்

அப்பாவுக்கு மனநோய் என்று சொன்னால் தனியார் முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்காதோ என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கானோ 60 வயதைக் கடந்த, வாரிசில்லாத, தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு மட்டுமே.

மறைத்தால் முதலில் நின்றுபோவது மாத்திரை. அடங்கியிருந்த நோய் திரும்பும்; பழி முதியவர் மேல் விழும்.

சேர்க்கும் முன் அரசாங்க கிளினிக்கில் காட்டி, மனநல மருத்துவரின் பரிசோதனைக்குக் கடிதம் வாங்குங்கள். ஜொகூர் பாரு தம்போயில் 1937இல் தொடங்கிய பெர்மாய் மருத்துவமனை மனநலத்திற்கென்றே இருக்கிறது. (தம்போய் என்று சொல்லிக் கேலி பேசுவதைத்தான் நாம் இன்னும் விடவில்லை.) நோயின் பெயர், மருந்தின் அளவு, அடுத்த அப்பாய்ன்மென்ட் தேதி, தானாகக் குளிப்பாரா, இரவில் எழுந்து நடப்பாரா என்பதையெல்லாம் இல்லத்தாரிடம் எழுதிக் கொடுங்கள். சிகிச்சை 2 ஆண்டுகள் தொடர்ந்திருந்தால் சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டைக்கும் மனுச் செய்யலாம்.