சீலைப்பேன்: பெயரிலேயே இருக்கிறது முகவரி

பேன் என்றதும் எல்லோருக்கும் தலைதான் நினைவுக்கு வரும். ஆனால் கொடிய காய்ச்சல்களைப் பரப்புவதில் பேர் பெற்றது அதன் உறவான சீலைப்பேன்.

பெயரிலேயே அதன் முகவரி இருக்கிறது. சீலைப்பேன் குடியிருப்பது உடம்பில் அல்ல, உடுப்பில். தையல் மடிப்புகளில் தங்கி, அங்கேயே முட்டையிட்டு, இரத்தம் குடிக்க மட்டும் தோலுக்கு வருகிறது.

டைபஸ், மீள்காய்ச்சல், முதல் உலகப் போரில் படைவீரர்களை வாட்டிய அகழிக் காய்ச்சல் ஆகிய மூன்றும் இதனால் பரவுகின்றன. மூன்றுக்கும் காரணம் பாக்டீரியா கிருமிகளே.

கிருமி எப்படி உடலுக்குள் புகுகிறது? கடியினால் அல்ல. டைபஸ், அகழிக் காய்ச்சல் கிருமிகள் பேனின் குடலில் பெருகி எச்சத்தோடு வெளியேறுகின்றன. அரிப்பெடுத்துச் சொறியும்போது எச்சம் கீறல் வழியே உள்ளே போகிறது. மீள்காய்ச்சல் கிருமியோ பேனை நசுக்கும்போது வெளிப்படுகிறது. எனவே சீலைப்பேனை நகத்தால் நசுக்கக் கூடாது.

1907-இல் இந்தியாவின் நாசிக் நகரில் மீள்காய்ச்சலை ஆராய்ந்த டாக்டர் மெக்கி, பேன் மிகுந்திருந்த சிறுவர்களிடையே நோயும் மிகுந்திருந்ததைக் காட்டினார். 1909-இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல், டைபஸைப் பரப்புவதும் பேனே என்று நிறுவினார். நோயாளியின் உடுப்பைக் களைந்து குளிப்பாட்டியபின் வார்டில் நோய் பரவவில்லை. அந்தத் துணிகளைக் கையாண்டவர்களையே அது தொற்றியது. இதற்காக 1928-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பினாங்குக்கும் இதில் பாடம் உண்டு. அந்நாளில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர் பலர் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டனர். அம்மையும் காலராவும்தான் அங்கே பெரிய அச்சம். ஆனாலும் நெரிசலில், மாற்றுத் துணியின்றிப் பல நாள் பயணம் செய்யும் நிலை சீலைப்பேனுக்கும் வசதியானதே. 2015-இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பா சென்றடைந்த அகதிகள் சிலரிடமும் மீள்காய்ச்சல் கண்டறியப்பட்டது.

நம் தோட்டப்புறங்களில் காணும் டைபஸ் வேறு. அது புதரிலுள்ள சிற்றுண்ணிகளால் வருவது. புதர்ப் பக்கம் போய் வந்தபின் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

சீலைப்பேனை ஒழிக்க வழி எளிது. தவறாமல் குளித்து, வாரம் ஒருமுறையேனும் துவைத்த உடைக்கு மாற வேண்டும். துணி, போர்வை, துண்டு ஆகியவற்றை 54 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைக்க வேண்டும். காய்ச்சல் வந்துவிட்டாலும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் உண்டு.

ஆகவே, சீலைப்பேன் கண்டவரை இழிவாகப் பார்ப்பது தவறு. மாற்றுத் துணியும் தண்ணீரும் இல்லாமைதான் அதற்குக் காரணம். வீதியில் படுத்துறங்குவோருக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு துவைத்த உடையும் கொடுத்தால், அது தர்மம் மட்டுமல்ல, நோய்த்தடுப்பும்கூட.