புதுப் பூச்சு காயட்டும்: பாத்ரூம் சுவருக்கு ரைல்ஸும் பெயின்ற்றும்

பிரித்தானியாவுக்கு வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள். பாத்ரூம் சுவர் புதிதாகப் பூசியாகிவிட்டது. "தம்பி, நீ ஊரில மேசனோட நிண்டனீதானே, இந்த ரைல்ஸை ஒட்டித் தாவன்" என்று மாமா கேட்கிறார். உங்களுக்கும் கை துருதுருக்கும். கரண்டியை எடுக்க முதல் இதை வாசியுங்கள்.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத ஒருவர் ஹோம் ஒபிஸின் அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது. 12 மாதங்களுக்கு மேல் முடிவு வராமல் இருந்து, அந்தத் தாமதம் உங்கள் பிழையால் இல்லாவிட்டால் அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் எல்லா வேலையும் செய்ய விடமாட்டார்கள். 2016 ஜூலையில் இருந்து அனுமதியின்றி வேலை செய்வது குற்றம். கையில் தரும் காசும் சம்பளம்தான். மாமாவுக்கு ஒரு கை கொடுப்பது வேறு. ஆனால் அதற்குக் காசோ வாடகைக் கழிவோ பேசினால் அது வேலை ஆகிவிடலாம். மாமாவின் சிநேகிதர் வீட்டுக்கும் போகச் சொன்னால், முதலில் உங்கள் சொலிசிற்றரைக் கேளுங்கள்.

இனி சுவர் விஷயம். ஊரில் நாங்கள் பழகியது சீமெந்துப் பூச்சு. தண்ணீர் தெளித்துத் தெளித்து இறுக விடுவோம். இங்கே வீட்டுக்குள் பூசுவது பெரும்பாலும் ஜிப்சம். இதை நனைக்கவே கூடாது, காயத்தான் விடவேணும். ஈரமாக இருக்கும்போது கடும் நிறமாக இருக்கும். காய்ந்தால் சுவர் முழுக்க வெளிர் இளஞ்சிவப்பாக வரும். மூலையில் ஒரு கறுத்த திட்டு இருந்தாலும் இன்னும் காயவில்லை என்றுதான் அர்த்தம். பெயின்ற்றுக்கு மெல்லிய பூச்சு ஒரு கிழமை அளவில் காயும், குளிர்காலத்தில் கூடச் செல்லும். ரைல்ஸுக்கு 4 கிழமையாவது விடுங்கள். அவசரப்பட்டு ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்தால் வெடிப்பு விழும். யன்னலைத் திறந்துவிட்டாலே போதும்.

அடுத்தது பாரம். ஜிப்சம் பூச்சு ஒரு சதுர மீற்றருக்கு 20 கிலோதான் தாங்கும், ஒட்டும் கலவையும் சேர்த்து. கலவைக்கு ஏறக்குறைய 4 கிலோ போனால் ஓட்டுக்கு மிஞ்சுவது 16. பத்து மில்லிமீற்றர் தடிப்பான போசலின் ஓடு தனியே இருபதைத் தாண்டும். வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் நிறையைப் பாருங்கள்.

பலர் பிழை விடுவது சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில். சீமெந்துக் கலவையை நேரடியாக ஜிப்சத்தில் பூசினால் இரண்டும் ஒன்றோடொன்று தாக்கி, நடுவில் பளிங்குத் துணிக்கைகள் வளர்ந்து ஓட்டைத் தள்ளிவிடும். கொஞ்ச நாளில் தட்டினால் 'டொக்' என்று வெறுமையாகக் கேட்கும், பிறகு பலகை பலகையாகக் கழன்று விழும். இதைத் தடுக்க, தும்பு பிரஷ்ஷால் தூசியைத் துடைத்து அக்ரிலிக் பிரைமர் பூசுங்கள். மலிவென்று பிவிஏ பசையைப் பூசாதீர்கள்; ஈரம் பட்டால் அது திரும்ப இளகும்.

ஷவர் விழும் இடத்தில் ஜிப்சமே கூடாது. ஓடு தண்ணீரைத் தடுக்கும், ஓட்டு இடுக்கு தடுக்காது. அந்த இடத்துக்கு தண்ணீருக்கு ஊறாத பலகை அடித்து, நீர்காப்புப் பூச்சும் பூச வேண்டும். ஏற்கெனவே ஜிப்சம் பூசியிருந்தால் உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். மாமா முகம் சுளிப்பார்தான்.

பெயின்ற் அடிக்கும் பகுதிக்கு, முதல் தடவை சாதாரண மற் எமல்ஷனில் தண்ணீர் கலந்து அடியுங்கள். மூன்று பங்குக்கு ஒரு பங்கு பொதுவான கணக்கு. ரின்னில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி செய்யுங்கள். கடையில் 'மிஸ்ற் கோட்' என்றால் விளங்கும். மினுக்கமான பெயின்ற்றை முதலில் அடித்தால் தோல்போல உரிந்து வரும். காய்ந்த பிறகு பாத்ரூம் பெயின்ற் இரண்டு தடவை.

ஹோம் ஒபிஸ் தந்த வீடென்றால் கதை வேறு. பூஞ்சணம் பிடித்தாலும் பூச்சு கழன்றாலும் சுவரில் நீங்களாக ஒன்றும் செய்ய வேண்டாம். மைக்ரன்ற் ஹெல்ப் இலக்கம் 0808 8010 503, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று சொல்லுங்கள். சுவரைப் படம் எடுங்கள், அழைத்த திகதியையும் அவர்கள் தரும் பதிவிலக்கத்தையும் எழுதி வையுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அந்தத் துண்டோடு எங்களிடம் வாருங்கள்.