புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஒருவருடைய வயதைக் கம்ப்யூட்டரில் 34 என்று எழுதி வைத்தால், அடுத்த பிறந்தநாளன்றே அது பொய்யாகிவிடும். அதனால் விவரம் தெரிந்த புரோகிராமர் பிறந்த தேதியை மட்டும் சேமிப்பார். வயதைக் கேட்கும்போதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல வைப்பார். கேட்பவருக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. 'நபர்.பிறந்ததேதி' என்று எழுதுவதுபோலவே 'நபர்.வயது' என்றும் எழுதுவார். விடை வந்துவிடும்.

பிறந்த தேதி, ஆப்ஜெக்டுக்குள் மெமரியில் நிஜமாகவே இடம் பிடித்திருக்கும் இன்ஸ்டன்ஸ் வேரியபிள். வயது, வெளியே காட்டும் ப்ராப்பர்ட்டி. அதற்குப் பின்னால் வேரியபிள் இருக்கலாம், வெறும் கணக்காகவும் இருக்கலாம். எது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதை ஐஃபெல் மொழியை உருவாக்கிய பெர்ட்ரண்ட் மேயர் ஒரு கொள்கையாகவே வகுத்தார். ஜாவாவோ அந்தப் பக்கம் போகவில்லை. கெட், செட் என்று தொடங்கும் மெத்தட்களை எழுதிக் குவிப்பது அங்கே வழக்கமாகிப்போனது.

உள்ளே இருப்பதை இவ்வளவு பொத்திப் பொத்தி வைப்பானேன்? ஆப்பிள் நிறுவனம் பல காலம் நம்பியிருந்த அப்ஜெக்டிவ்-சி மொழியில் இதற்கு நல்ல விடை கிடைக்கும். அதன் பழைய அமைப்பில், எந்த வேரியபிள் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதைக் கம்பைலர் முன்கூட்டியே எண்ணாகப் பொறித்துவிடும். தாய் கிளாஸ் 16 பைட் என்றால், அதிலிருந்து நீங்கள் உருவாக்கிய கிளாஸின் முதல் வேரியபிள் அதற்கு அடுத்து உட்காரும். பின்னொரு நாள் ஆப்பிள் தன் தாய் கிளாஸில் 8 பைட் வேரியபிள் ஒன்றைச் சேர்க்கிறது என்று வையுங்கள். உங்கள் புரோகிராமுக்கு அது தெரியாது. பழைய இடத்திலேயே எழுதப் போய், தாயின் புது வேரியபிளை அழித்துவிடும். உங்கள் பக்கம் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனாலும் புரோகிராம் சரியும்! மறுபடி கம்பைல் செய்வதுதான் ஒரே வழி. இதற்குப் பயந்தே அந்தக் கிளாஸ்களை எழுதியவர்கள், பிற்காலத் தேவைக்கென்று சில வெற்று வேரியபிள்களை முன்பே போட்டு வைத்தார்கள்.

2007-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் லெப்பர்டுடன் அப்ஜெக்டிவ்-சி 2.0 வந்தது, ப்ராப்பர்ட்டியும் மொழியின் அங்கமானது. 64 பிட் புரோகிராம்களில் பைட் கணக்கும் ஓடத் தொடங்கும் நேரத்தில் சரிபார்க்கப்பட்டது. தாய் வளர்ந்தால் பிள்ளையின் வேரியபிள்கள் தாமாகவே தள்ளி உட்காரும். 2014-இல் வந்த ஸ்விஃப்ட், இன்ஸ்டன்ஸ் வேரியபிள் என்ற தனிப் பிரிவையே விட்டுவிட்டது. சேமிக்கும் ப்ராப்பர்ட்டி, கணக்கிடும் ப்ராப்பர்ட்டி என்று இரண்டும் ஒரே பெயரின் கீழ் வந்துவிட்டன.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. புள்ளி வைத்து எழுதினால் செலவே இல்லை என்று கை நம்பிவிடுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் பெரிய கணக்கு ஒளிந்திருந்து, அதை லட்சம் முறை சுற்றும் லூப்புக்குள் போட்டால் புரோகிராம் தவழும். வரியைப் பார்த்தால் காரணம் புலப்படாது. ஸ்விஃப்டின் அதிகாரபூர்வ வழிகாட்டுதலே இதை ஒப்புக்கொள்கிறது. கணக்கிடும் ப்ராப்பர்ட்டி ஒன்றின் வேலை, தரவு பெருகப் பெருகக் கூடுமானால், அதைக் குறிப்பில் எழுதி வைக்கச் சொல்கிறது.